செம்பு விசிறியில் கொட்டலசு ஒட்டுவது ஏன்?

பெம்பானிலோ ஜாசினிலோ இருப்பவர்களுக்குக் கடல் தூரமில்லை. அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் உம்பாய். எதிரே மலாக்கா நீரிணை. புலாவ் பெசார் தீவுக்குப் போக அந்தப் பக்கத்துப் படகுத்துறையில் நீங்கள் காத்திருந்தது உண்டென்றால், கடல் வற்றிய நேரத்தில் துறையின் கால்களைக் கவனித்திருப்பீர்கள். மேல்பகுதி சுத்தமாக இருக்கும். நீர் ஏறி இறங்கும் உயரத்திலிருந்து கீழே, சின்னச் சின்ன எரிமலைகளை நெருக்கி ஒட்டியதுபோல், சாம்பல் வெள்ளை நிறத்தில் சொரசொரப்பான ஓடு மூடியிருக்கும். வெறுங்காலை வைத்தால் கீறிவிடும். மலாய் மீனவர்கள் இதைத் ‘தெரித்திப்’ என்பார்கள். தமிழில் இதன் பெயர் கொட்டலசு.

துறையின் காலில் அது இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. படகில் ஏறினால்தான் வம்பு. படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டிச் சாயம் பூசுவது மீனவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் செலவு. அந்தச் சாயத்தில் இருப்பது செம்பு. செம்பு கொட்டலசுக்கு நஞ்சு என்பதால்தான் அதைக் கலக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு புதிர். டீசல் இயந்திரம் பூட்டிய படகுகளின் விசிறி, அதாவது புரொப்பெல்லர், பெரும்பாலும் வெண்கல வகை உலோகத்தில் வார்க்கப்பட்டது. அதில் பாதிக்கு மேல் செம்பு. செம்பு நஞ்சென்றால் படகிலேயே மிகச் சுத்தமாக இருக்க வேண்டிய உறுப்பு அந்த விசிறிதான். ஆனால் பல மாதம் நீரில் கிடந்த படகைத் தூக்கிப் பார்த்தால், அடிப்பாகம் ஓரளவு சுத்தமாக இருக்கும். விசிறியில் கொட்டலசு அப்பியிருக்கும். செம்பைக் கலந்த சாயம் காக்கிறது, செம்பாலேயே செய்த விசிறி காக்கவில்லை. ஏன்?

இதற்கான விடை ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே, வேறொன்றைத் தேடும்போது, தற்செயலாகக் கிடைத்துவிட்டது. அதைப் புரிந்துகொள்ள முதலில் கொட்டலசு யார் என்று பார்க்க வேண்டும்.

நத்தை அல்ல, நண்டின் உறவு

வெளியே சுண்ணாம்பு ஓடு இருப்பதால் பலரும் இதைச் சிப்பி, மட்டி வகை என்று நினைக்கிறார்கள். விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். 1830-இல் ஜான் வாகன் தாம்ப்சன் என்பவர், கடலில் நீந்தித் திரியும் ஒரு நுண்ணிய இறால் போன்ற உயிர் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு கொட்டலசாக மாறுவதைக் கண்டறிந்தார். இது நத்தையின் இனமே அல்ல. இறால், நண்டு ஆகியவற்றின் உறவு. தலைகீழாக நின்று, தலையைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, கால்களை வெளியே நீட்டி நீரிலுள்ள உணவைத் துழாவி வாழும் ஒரு விலங்கு. பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் கொட்டலசுகளையே ஆராய்ந்தார். இன்று உலகின் வெப்பக் கடல் துறைமுகங்களில் எங்கும் காணப்படும், நம் நீரிணையிலும் உள்ள ‘ஆம்பிபலானஸ் ஆம்பிட்ரைட்’ என்ற ஊதா வரிக் கொட்டலசை 1854-இல் விவரித்துப் பெயரிட்டவரும் அவர்தான்.

ஒரு கொட்டலசு ஒரே ஈட்டில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடுகிறது. அவை மிதந்து, தின்று, ஆறு முறை உரு மாறி, கடைசியில் ‘சைப்ரிட்’ என்ற நிலையை அடைகின்றன. நம் பக்கத்துச் சூடான கடலில் இதற்கு ஒரு வாரம் போதும். சைப்ரிட்டின் நீளம் அரை மில்லிமீட்டர் அளவு. அது சாப்பிடுவதில்லை. சேமித்து வைத்த கொழுப்பில் உயிர் வாழ்ந்துகொண்டு ஒரே ஒரு வேலையைச் செய்கிறது: வீடு தேடுவது.

இந்தத் தேடல் விளையாட்டில்லை. ஒட்டிய பிறகு இடம் மாற முடியாது. அதனால் சைப்ரிட் தன் இரண்டு உணர்கொம்புகளால் பரப்பின் மேல் நடந்து பார்க்கும். சொரசொரப்பா, வழுவழுப்பா? நுண்ணுயிர்ப் படலம் இருக்கிறதா? முக்கியமாக, இங்கே வேறு கொட்டலசு இருக்கிறதா? இனப்பெருக்கத்துக்குக் கை எட்டும் தூரத்தில் துணை வேண்டும் என்பதால் அது சொந்தக்காரர்கள் இருக்கும் இடத்தையே விரும்புகிறது. நடந்து பார்த்த இடத்தில் ஒட்டும் புரதத் தடத்தை விட்டுச் செல்லும். அந்தத் தடத்தை அடுத்து வருகிற சைப்ரிட் மோப்பம் பிடித்து அங்கேயே இறங்கும். செத்துப்போன கொட்டலசின் மிச்சமும் இதே வேலையைச் செய்யும். படகைச் சுரண்டுபவர்கள் இந்த இடத்தை மறக்கக் கூடாது, பின்னால் தேவைப்படும்.

ஓடும் படகில் சைப்ரிட் இறங்குவது கடினம். நிற்கும் படகுதான் அதற்கு வீடு. மீன்வரத்துக் குறைவு, இயந்திரக் கோளாறு, பெருநாள் விடுப்பு என்று படகு சும்மா கிடக்கும் இரண்டு மூன்று வாரங்கள்தான் கொட்டலசுக்குத் திருநாள். குளிர்நாடுகளில் அவற்றின் குஞ்சுகள் குறிப்பிட்ட பருவத்தில்தான் வரும். பனிக்காலத்தில் படகுக்காரர் நிம்மதியாக இருக்கலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. நீரிணையின் நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சூடு.

நீருக்கடியில் உறையும் பசை

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பால் உறைவது தெரிந்த கதை. மங்கில் வடிந்த பால் காற்றுப் பட்டுத் தானாக உறைந்தால் கட்டிப்பால். ஆலையில் ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் விரைவாக உறையும். மழைநீர் புகுந்துவிட்டால் பால் கெட்டது. ஒட்டும் பொருள்களுக்கு நீர் பொதுவாகவே எதிரி. கடையில் வாங்கும் பசையின் உறையில்கூட ‘ஈரமில்லாத பரப்பில் தடவவும்’ என்றுதான் போட்டிருக்கும்.

கொட்டலசோ உப்புநீருக்குள் முழுகியபடியே ஒட்டுகிறது. இடத்தைத் தீர்மானித்த சைப்ரிட் இரண்டு வகைப் பொருளை வெளியிடுகிறது. முதலில் வருவது எண்ணெய்த் தன்மையுள்ளது. அது பரப்பிலிருந்து நீரை விலக்கித் தள்ளும். அதன் பின்னால் வரும் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு வளர வளர, அடிப்பகுதியைச் சுற்றிப் புதிய பசையைப் பரப்பிக்கொண்டே போகும். அதற்கும் மேல் சுண்ணாம்பால் ஒரு அடித்தட்டையும் கட்டிவிடும். இதனால்தான் நீங்கள் ஓட்டை உடைத்த பிறகும் வட்டமான வெள்ளைத் தழும்பு அப்படியே நிற்கிறது. சில வாரங்களிலேயே அந்தக் கொட்டலசு அடுத்த தலைமுறைக் குஞ்சுகளை விடத் தயாராகிவிடும்.

இத்தனை சின்ன உயிர் படகை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். அமெரிக்கக் கடற்படைக் கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. போர்க்கப்பல் ஒன்றின் அடிப்பாகத்தைச் சுண்ணாம்பு ஓட்டு உயிர்கள் அடர்த்தியாக மூடினால், அதே வேகத்தில் போவதற்கு 86 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றல் தேவைப்படும் என்று அது கணக்கிட்டது. சின்னப் படகுக்கு இதே எண் பொருந்தாது. ஆனாலும் திசை ஒன்றுதான். நேற்று ஒரு தோம்பு எண்ணெயில் போய்வந்த தூரத்துக்கு இன்று ஒன்றரைத் தோம்பு ஆகிறதென்றால், மானிய எண்ணெய்க்கும் மாத அளவு உண்டென்றால், அந்த மீனவரின் வருமானம் எங்கே போகிறது என்று பார்க்க அடிப்பாகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

விசிறியில் ஒட்டினால் இன்னும் மோசம். விசிறியின் இதழ் விமானச் சிறகைப்போல வளைவாகச் செதுக்கப்பட்டது. அதன் மேல் நாலு மேடு முளைத்தாலே நீரை ஒழுங்காகத் தள்ளாது. ஒரு பக்கம் கனம் கூடினால் தண்டு அதிரும். அதிர்ந்தால் தாங்கிகள் தேயும். வெளியே தொங்கும் சிறிய இயந்திரங்களில் குளிர்விப்பு நீர் உறிஞ்சும் துளைகளுக்குள் சைப்ரிட் புகுந்துவிட்டால் இயந்திரம் சூடேறி நடுக்கடலில் நின்றுவிடும்.

இதே உபத்திரவம் படகில்லாத இடத்திலும் உண்டு. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் உள்ள அணுமின் நிலையம், கடலடியில் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் வழியாகக் குளிர்விப்பு நீரை எடுக்கிறது. அந்தச் சுரங்கச் சுவரில் பச்சை மட்டியும் கொட்டலசும் குடியேறியதால், அவற்றை அடக்கக் குளோரின் கலக்க வேண்டியிருக்கிறது. கல்பாக்கத்து விஞ்ஞானிகள் கடலில் பலகைகளைத் தொங்கவிட்டு, எந்த மாதத்தில் எந்த உயிர் எவ்வளவு ஒட்டுகிறது என்று பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள்.

டேவியின் தோல்வி

பழைய காலத்து வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டுமரம். சோழமண்டலக் கரையில் கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தை மணலில் இழுத்து, கட்டை அவிழ்த்துக் காயப்போடுவார்கள். மரம் நீரில் ஊறிக் கனக்கக் கூடாது என்பதற்காகச் செய்ததுதான். ஆனால் தினமும் வெயிலில் காயும் மரத்தில் கொட்டலசு எங்கே வளரும்? ஒரு துளி நஞ்சில்லை, ஒரு காசு செலவில்லை. மரப்பலகைப் படகுகளுக்கு மீன் எண்ணெய், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசும் வழக்கமும் இந்தியக் கரையில் இருந்தது.

நீரிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் பெரிய மரக்கப்பல்களுக்கு இது ஒத்துவராது. பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் செம்புத் தகட்டால் மூடிப் பார்த்தது. செம்பு உப்புநீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பரப்பை ஒட்டிய நீரை நஞ்சாக்கியது. அடிப்பாகம் சுத்தமாக இருந்தது. பின்னர் கடற்படைக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் இதைச் செய்தார்கள். ஒரே குறை, செம்பு கரைந்து வீணாகிறதே என்பது. விலையுயர்ந்த தகட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு வழி சொல்லும்படி வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியைக் கேட்டார்கள். 1824-இல் அவர் அழகான விடை ஒன்றைக் கண்டுபிடித்தார். செம்போடு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ தொடும்படி பொருத்திவிட்டால், உப்புநீரில் அந்த இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடும். துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு மின்னணுக்களைச் செம்புக்குக் கொடுக்கும். வாங்கிக்கொண்ட செம்பு கரையாது. தோட்ட வீட்டுக் கூரைத் தகரத்தில் பூசிய துத்தநாகம், கீறல் விழுந்த இடத்திலும் இரும்பைத் துருப்பிடிக்க விடாமல் தன்னை இழப்பதும் இதே விதிதான்.

டேவியின் கணக்கு தப்பவில்லை. கப்பல்களில் பொருத்திப் பார்த்தபோது செம்பு தேயவே இல்லை. ஆனால் கப்பல்கள் திரும்பி வந்தபோது அந்தப் பளபளப்பான செம்பின் மேல் கொட்டலசும் பாசியும் மண்டிக் கிடந்தன. சில ஆண்டுகளிலேயே கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

காரணம் இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். செம்பு என்ற உலோகம் கொட்டலசை விரட்டுவதில்லை. கரைகின்ற செம்புதான் விரட்டுகிறது. கரைவதை நிறுத்தினால் செம்பும் ஒன்றுதான், பாறையும் ஒன்றுதான்.

இப்போது நம் விசிறிக்கு வாருங்கள். வெண்கல விசிறியும் எஃகுத் தண்டும் உப்புநீரில் அரிக்காமல் இருப்பதற்காக, தண்டிலோ அடிப்பாகத்திலோ துத்தநாகக் கட்டி ஒன்றை மாட்டுகிறார்கள். பட்டறைக்காரர் அதைச் சுருக்கமாக ‘ஜிங்க்’ என்பார். அந்தக் கட்டி கரைகிறது. விசிறியின் செம்பு பத்திரமாக இருக்கிறது. பத்திரமாக இருப்பதாலேயே கொட்டலசுக்கு வசதியாகிவிடுகிறது. அடிப்பாகச் சாயத்தில் உள்ள செம்புத் துகளுக்கு இந்தக் கட்டியோடு மின் தொடர்பில்லை. அதனால் அது தன்பாட்டுக்குக் கரைந்து தன் வேலையைச் செய்கிறது.

அப்படியானால் துத்தநாகக் கட்டியைக் கழற்றிவிடலாமா? கூடவே கூடாது. கொட்டலசு போகலாம், விசிறியும் தண்டும் அரித்துப்போகும். விசிறிக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

நஞ்சு போன தூரம்

செம்பு போதவில்லை என்று நினைத்த சாயத் தொழில் 1960-களுக்குப் பிறகு டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தைச் சாயத்தில் கலந்து விற்றது. சுருக்கமாக டிபிடி. கொட்டலசைப் பொறுத்தவரை அதைவிடச் சிறந்த சாயம் வந்ததில்லை என்றே சொல்லலாம். கப்பல்கள் பல ஆண்டுகள் சுத்தமாக ஓடின. ஆனால் 1970-களின் பிற்பகுதியில் பிரான்சின் அர்க்காஷோன் வளைகுடாவில் வளர்ப்புச் சிப்பிகள் ஓடு தடித்து உருக்குலைந்தன, குஞ்சு பொரிப்பது நின்றது. உல்லாசப் படகுகளின் அடிச்சாயம்தான் காரணம் என்று தெரிந்து, 1982-இல் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அந்தச் சாயத்தைத் தடுத்தது.

இன்னும் விசித்திரமானது நத்தைகளுக்கு நேர்ந்தது. கடல் நத்தைகளில் பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு வளரத் தொடங்கியது. முற்றினால் முட்டையிடும் வழி அடைபட்டு அந்த இனமே அந்தக் கரையில் அற்றுப்போகும். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு டிபிடி இருந்தாலே சில இனங்களில் இது தொடங்கிவிடுகிறது. எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை என்று ஒதுக்க முடியாது. தாய்லாந்து வளைகுடாவிலும் நம் மலாக்கா நீரிணையிலும் நத்தைகளைச் சேகரித்துச் செய்த ஆய்வு 1997-இல் வெளியானது. கப்பல் போக்குவரத்து மிகுந்த இடங்களில் இதே மாற்றம் அதிகமாக இருந்ததை அது காட்டியது.

அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2001-இல் இதற்கென ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. அது 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவும் அதில் சேர்ந்த நாடு. ஆனால் பழைய சாயத்தைச் சுரண்டிக் கொட்டிய சேற்றில் டிபிடி பல ஆண்டுகள் தங்கும். படகுப் பட்டறையை ஒட்டிய கரையில் சுரண்டிய தூளை நீரிலேயே தள்ளுவது இன்றும் நடக்கிறது. அதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதே சேற்றின் மேல்தான் சிப்பியும் இறாலும் மேய்கின்றன.

டிபிடி போனதும் செம்புச் சாயம் திரும்பி வந்தது. அதற்குத் துணையாகப் பாசியைக் கொல்லும் மருந்துகளும் வந்தன. அவற்றில் ஒன்றான டையூரான், தோட்டங்களில் களைக்கொல்லியாகத் தெளித்த அதே மருந்து. இன்னொன்றான சைபுட்ரின் கப்பல் சாயத்தில் 2023 ஜனவரி முதல் அனைத்துலக அளவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஒரு நஞ்சைத் தடுத்தால் இன்னொன்று வருகிறது. எனவே நஞ்சு குறைந்த வழி, கொட்டலசு சிறியதாக இருக்கும்போதே பிடிப்பதுதான்.

படகு வைத்திருப்பவர்களுக்கு

ஏற்கெனவே ஒட்டிவிட்டதா? படகைக் கரையேற்றிய அன்றைக்கே, ஈரம் காய்வதற்குள் வேலையைத் தொடங்குங்கள். காய்ந்துவிட்டால் இரண்டு மடங்கு உழைப்பு. அழுத்த நீர்ப் பீச்சியால் முதலில் பாசியையும் குஞ்சுகளையும் அடித்துவிட்டு, நின்றுபோன ஓடுகளைப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். இரும்புச் சுரண்டி வேகமாக வேலை செய்யும், ஆனால் ஃபைபர் படகின் மேற்பூச்சைக் கீறிவிடும். கீறல் அடுத்த சைப்ரிட்டுக்குப் பிடிமானம். தடித்த கையுறையும் கண்ணாடியும் அவசியம். கொட்டலசு கிழித்த காயத்தில் கடல்நீர்க் கிருமிகள் புகுந்தால் கை வீங்கும். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். காயம் பட்டால் சுத்த நீரில் நன்றாகக் கழுவி, வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஓடு போன பிறகு நிற்கும் வெள்ளை வட்டம்தான் முன்பு சொன்ன அடித்தட்டு. அதை அப்படியே விட்டுச் சாயம் பூசுவது வழக்கமாக நடக்கும் தவறு. சாயம் சரியாகப் பிடிக்காது. பெயர்ந்தால் உள்ளே இருப்பது புதிய குஞ்சுகளை அழைக்கும் பழைய வீடு. சுண்ணாம்பு என்பதால் அமிலத்துக்கு அது கரையும். சுண்ணாம்புப் பாறையில் எலுமிச்சை பிழிந்ததுபோல் நுரைக்கும். காடிகூட மெதுவாக வேலை செய்யும். கடையில் விற்கும் நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் வேகமாகச் செய்யும். பூசி, நுரைத்ததும் தேய்த்து, உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். அலுமினியம், துத்தநாகம், நாகம் பூசிய இரும்பு ஆகியவற்றின் மேல் அமிலம் படக் கூடாது. அது அவற்றையே தின்றுவிடும். வெளுக்கும் குளோரின் நீரோடு அமிலத்தைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். சுரண்டியதையெல்லாம் கீழே விரித்த படுதாவில் பிடித்துக் குப்பையில் சேருங்கள்.

அலுமினிய உடல் கொண்ட வெளி இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். படகின் அடிக்குப் பூசிய மிச்சச் செம்புச் சாயத்தை இயந்திரத்தின் காலிலும் பூசிவிடுகிறார்கள். அலுமினியமும் செம்பும் உப்புநீரில் சேர்ந்தால் இப்போது தேய்வது அலுமினியம். டேவியின் துத்தநாகத்தின் இடத்தில் உங்கள் இயந்திரம் நிற்கிறது. அலுமினியத்துக்கென்று தனிச் சாயம் உண்டு. அதைவிட எளிது, துறையில் கட்டியதும் இயந்திரத்தை நீருக்கு மேலே சாய்த்து வைப்பது. கட்டுமரத்தின் பாடமேதான். நல்ல நீரைப் பாய்ச்சி உறிஞ்சு துளைகளையும் கழுவிவிடலாம். துத்தநாகக் கட்டியின் மேல் மட்டும் எந்தச் சாயமும் பூசாதீர்கள்; மூடினால் அது இருந்தும் இல்லாததுதான்.

வெண்கல விசிறிக்கு என்ன செய்வது? சாதாரணச் சாயம் அதில் நிற்காது. சுழற்சியும் நீர்க்குமிழிகளின் அடியும் சேர்ந்து உரித்துவிடும். பளபளவென்று மெருகேற்றிய விசிறியில் கொட்டலசின் பிடி தளர்வாக இருக்கும். கம்பளி மெழுகு தடவுகிறவர்கள் உண்டு. மலிவு, ஆனால் அடிக்கடி தடவ வேண்டும். சிலிக்கோன் பூச்சு விலை அதிகம். அது யாரையும் கொல்வதில்லை. ஒட்டியவை படகு வேகமெடுக்கும்போது வழுக்கி விழுகின்றன. அதனால் ஓடிக்கொண்டே இருக்கும் பயணப் படகுக்கு ஏற்றது, மாதக்கணக்கில் நிற்கும் படகுக்கு அவ்வளவாகப் பயனில்லை. மிளகாய்த் தூளைச் சாயத்தில் கலக்கும் வித்தையைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். மிளகாயின் காரப்பொருளை ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் சமையலறைத் தூள் சாயத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும், அளவாகக் கசியாது. மிளகாயைக் குழம்புக்கே வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விடச் சிக்கனமானது, படகு சும்மா நிற்கும் நாள்களை எண்ணுவது. பத்து நாள்களுக்கு ஒருமுறை யாராவது இறங்கி விசிறியையும் தண்டையும் மென்மையான துணியாலோ தூரிகையாலோ துடைத்தால் போதும். அப்போது ஒட்டியிருப்பது குண்டூசித் தலை அளவுதான். விரல் நகத்தால் தள்ளினாலே போய்விடும். இரண்டு மாதம் கழித்து அதற்கே உளி தேடுவீர்கள்.

ஆய்வுக்கூடங்களிலும் இப்போது இந்தத் திசையில்தான் யோசிக்கிறார்கள். சுவீடனின் கோதன்பர்க் நகரத்து ஆய்வாளர்கள், நாய்களை மயக்க விலங்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் மெடிடோமிடின் என்ற மருந்தைச் சைப்ரிட்டுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாய் தூங்கும், சைப்ரிட்டோ கால்களை வேகமாக உதைத்து நீந்தத் தொடங்கிவிடுகிறது, இறங்கி ஒட்ட முடிவதில்லை. நல்ல நீருக்குக் கொண்டுபோனால் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. மிகச் சிறிய அளவு கலந்த சாயங்கள் சந்தைக்கும் வந்துவிட்டன. கொல்லாமல் விரட்டும் முறை என்ற வகையில் இது டிபிடி காலத்திலிருந்து நெடுந்தூரம் வந்த சிந்தனை.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், டேவியின் கதையை உம்பாய்க் கரையிலேயே சோதிக்கலாம். உள்ளங்கை அளவில் இரண்டு செம்புத் தகடுகள் வாங்குங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றதில், படகுச் சாமான் கடையில் கிடைக்கும் துத்தநாகக் கட்டி ஒன்றைத் திருகாணியால் இறுக்குங்கள். தெரிந்த மீனவரிடம் அனுமதி கேட்டு, வற்றுநீரிலும் முழுகியே இருக்கும் ஆழத்தில், இரண்டையும் ஒரு முழ இடைவெளி விட்டு நைலான் கயிற்றில் தொங்கவிடுங்கள். மூன்று வாரம் கழித்துத் தூக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெள்ளைப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். தொங்கவிடும் முன் ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: துத்தநாகம் செம்போடு உலோகத்துக்கு உலோகம் தொட வேண்டும். இடையில் சாயமோ எண்ணெயோ இருந்தால் இரண்டு தகடும் ஒரே மாதிரிதான் இருக்கும்.